ஏட்டையாவைப் பற்றி ஒரு நேயர் கடிதம்

துப்பறியும் நாடகம் ஆரம்பித்த பத்தாவது நிமிடமே கொலைகாரன் யார் என்று சொல்லிவிடுகிற ஆள் ஒருவர் ஊரில் இருந்தால், மற்றவர்கள் எதற்காக டிவி பார்ப்பது? எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தார். போலீசில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை. ஸ்டேஷனில் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற புகாரையும் வாக்குமூலத்தையும் பதிவேட்டில் ஏற்றுகிற ஏட்டு. ஊரில் ஒருவரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ரைட்டர் ஐயாதான். நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

என்னையும் சொல்லிவிடுகிறேன். மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குத் தெற்கே நாலு மைலில் அந்த ஊரில் நான் மளிகைக் கடை வைத்திருந்தேன். கடையின் ஒரு மூலையில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு முத்திரைக் கட்டை. அதுதான் கிளைத் தபாலாபீஸ். அதற்கும் நானே அதிகாரி. ஊரில் என் பெயர் தபால் பாய். கடை இருந்த கட்டடம் பண்ணை வீட்டாருடையது. ஊர் நிலத்தில் பாதி அவர்களுடையது, மீதி கோயிலுடையது, கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்களே. பெரிய பண்ணை காலமாகி, அவர் மகன் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த காலம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே காரணம் அந்தக் கட்டடம்தான்.

சர்க்கார் கொடுத்த டிவி பஞ்சாயத்து ஆபீசில் மரப்பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும். வியாழக்கிழமை ஏழரை மணிக்குத் துப்பறியும் தொடர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வாசலில் நிற்கிறவர்கள் வேறு. ரைட்டர் சுவரோரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல் விளம்பரம் வருவதற்குள், "அந்த மச்சினன்தான்" என்பார். மச்சினனாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த ஊர், மூன்றாம் மாதம் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது.

"ஐயா, உங்களுக்குத் தெரிஞ்சா மனசோட வச்சுக்கங்க. நாங்களும் கொஞ்சம் பயந்துக்கறோம்" என்றார் டீக்கடைக்காரர்.

அதற்குப் பிறகு அவர் சொல்வதில்லை. ஆனால் எப்படித் தெரிகிறது என்று ஒரு நாள் கேட்டேன்.

"நீங்கள்லாம் இன்ஸ்பெக்டரைப் பாக்கறீங்க பாய். நான் பின்னாடி ஃபைலக் கட்டிக்கிட்டு நிக்கிறான் பாருங்க, அந்த ஏட்டு, அவனைத்தான் பாப்பேன். கொலைகாரன் பேசும்போது அவன் மட்டும் எழுதறத நிறுத்திடறான். நடிக்கிறவனுக்கே அது தெரியாது."

அடுத்த வாரம் நானும் பார்த்தேன். ஒல்லியான ஒரு நடிகர். தொப்பி பெரிதாகி நெற்றியில் இறங்கியிருக்கும். வசனம் என்று பார்த்தால் "எஸ் சார்" தான். ரைட்டர் சொன்னது போலவே ஓரிடத்தில் பேனா நின்றது.  அத்தனை பேர் நிறைந்த திரையில், ஒருவரும் பார்க்காத ஒரு மூலையை இந்த மனிதர் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால் மேசைக்கு வருவார். ஒரு போஸ்ட் கார்டு வாங்குவார். முந்தின நாள் தொடரைப் பற்றி டிவி நிலையத்துக்கு அபிப்பிராயம் எழுதி மதியத்துக்குள் கொண்டுவந்து போடுவார். நேயர் கடிதங்களை வாசிக்கிற நிகழ்ச்சி ஒன்று அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தது. ஊருக்கு ஊர் ஆட்கள் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். போஸ்ட் கார்டைத் தபால்காரன் படிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா எனக்குத் தெரியாது. இருந்தாலும் அதை மதித்த தபால்காரனை நான் பார்த்ததில்லை. அவருடைய அட்டைகளை ஒன்று விடாமல் படித்திருக்கிறேன். முத்து முத்தான எழுத்து. எல்லாமே அந்த ஏட்டைப் பற்றித்தான். 'சென்ற வாரம் ஏட்டு பிணத்தைப் பார்த்தவுடன் தொப்பியைக் கழற்றியது தவறு, சீருடையில் இருப்பவர் கழற்ற மாட்டார்.' 'ஏட்டு இடது கையால் பக்கத்தைப் புரட்டுகிறார், நன்று.' 'ஏட்டு வீட்டில் என்ன செய்கிறார் என்று ஒரு வாரமாவது காட்ட வேண்டும். ஸ்டேஷனில் எழுதியதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறாரா இல்லையா?'

நிலையத்திலிருந்து ஒரு பதிலும் வரவில்லை. அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

அவருக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. யாராவது பேசினால் அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் தொடைமேல் எழுத ஆரம்பித்துவிடும். முப்பது வருஷம் கேட்டதையெல்லாம் எழுதிய கை. "இன்னிக்கு வெயில் சாஸ்தி" என்று நீங்கள் சொன்னால், வேட்டியின் மேல் விரல் அதை எழுதி முற்றுப்புள்ளியும் வைக்கும். சின்னப் பிள்ளைகள் அவர் முன்னால் நின்று கெட்ட வார்த்தை சொல்லி, விரல் அதை எழுதுகிறதா என்று பார்த்துவிட்டு ஓடும். எழுதத்தான் செய்யும். அவருக்குத் தெரியாது.

எனக்கு மட்டும் அந்த விரலைப் படிக்க வந்தது. இதில் பெருமை ஒன்றுமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று ஜனங்கள் விலாசம் எழுதும்போது, இந்தப் பக்கத்திலிருந்தே தலைகீழாகப் படித்து எந்த ஊர்ப் பைக்கு என்று முடிவு செய்துவிடுவது என் தொழில். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தவர் தொடையில் எழுதினால் என் கண் தானாகப் படிக்கும்.

அரிசி விஷயத்தையும் சொல்ல வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு, அவர் மாதம் ஒரு தரம் பஸ் ஏறி நீடாமங்கலம் போய் அரிசி வாங்கி வருவார். தோளில் மூட்டையோடு இறங்கும்போது ஊர் சிரிக்கும். "ரைட்டருக்கு நம்ம ஊர் அரிசி எறங்காது, ஜமீன் தொண்டை" என்பார்கள். அரிசி விற்கிற எனக்கு இதில் கோபம் வராமல் இருக்குமா? ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"சர்க்கரை பாய்" என்றார்.

"நீடாமங்கலத்து அரிசியில சர்க்கரை இல்லையாக்கும்?"

அவர் சிரிக்கவில்லை. என் கடை மூட்டைகளைப் பார்த்தார். "இது தெக்கு வாய்க்கால் பாசனத்து நெல்லுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். பாசனம் பார்த்து அரிசி வாங்குகிற சர்க்கரை வியாதிக்காரரை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இன்னொருவரும் வருவார். அமிர்தம். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிற பெண், அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் சிங்காரம் கோயில் நிலத்தில் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்தவன். குத்தகைக்காரர்களின் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்த புதிதில், எங்கள் ஊரிலிருந்து முதலில் போய்ப் பெயரைப் பதிந்தவன் அவன்தான். பெரிய பண்ணைக்கு அது பொறுக்கவில்லை. அறுவடை முடிந்த மாதத்தில் ஒரு நாள் பண்ணையின் வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்தது. மறுநாளிலிருந்து சிங்காரத்தைக் காணவில்லை. 'போருக்குத் தீ வைத்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான்' என்று போலீசில் பதிவானது. நான் சொல்லும் வெள்ளிக்கிழமைகளுக்குப் பத்தொன்பது வருஷம் முன்னால் நடந்தது இது.

நிலம் இன்னும் சிங்காரம் பெயரில்தான் இருந்தது, அனுபவித்தது பண்ணை. அமிர்தம் தாலுகா ஆபீசுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஆளைக் கொண்டு வா, இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் கொண்டு வா என்பார்கள். ஏழு வருஷம் தகவல் இல்லையென்றால் இறந்ததாகக் கோர்ட்டில் தீர்ப்பு வாங்கலாம் என்று மாயவரத்து வக்கீல் ஒருவர் சொல்லித்தான் பார்த்தார். அவள் சம்மதிக்கவில்லை.

"ஓடிட்டார்னு போலீசே எழுதியிருக்கு. ஓடுன மனுசன் எங்கயோ இருப்பாரு. நானே கோர்ட்டுல போயி நின்னு எம் புருசன் செத்துட்டாருன்னு சொல்லுவனா?" என்றாள் என்னிடம்.

பம்பாயில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பினாங்கில் பார்த்ததாக ஒருவன். அதனால் அவள் வெள்ளிக்கிழமை தோறும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்து மேசை முன்னால் நிற்பாள். "பாய், எனக்கு எதும் வந்திருக்கா?" என்பாள். "இல்லம்மா" என்பேன். "சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்று போவாள்.

அவள் நிற்கும்போது ரைட்டரும் ஸ்டூலில் இருப்பார். அப்போது அவருடைய விரல் எழுதுவது அவள் பேசியதை அல்ல. முதல் தடவை நான் கவனித்தபோது தவறாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தேன். அடுத்தடுத்த வாரமும் அதேதான். 'தலைமறைவு' என்று எழுதும். குறுக்கே ஒரு கோடு இழுத்து அதை அடிக்கும். பிறகு கீழே இன்னொரு வார்த்தை எழுதும். 'மதகு'. முகத்தில் ஓர் அசைவு இருக்காது. கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் படி இறங்கிப் போனதும் விரல் நிற்கும்.

முதல் வார்த்தை எனக்குப் புரிந்தது. அன்றைக்கு ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து அதைப் பதிவேட்டில் எழுதியவர் இவர்தானே. இரண்டாவது வார்த்தைக்கு நான் பல அர்த்தம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வயதான கை, ஏதோ கிறுக்குகிறது என்று வைத்துக்கொண்டேன். தெற்கு வாய்க்கால் மதகுக்குப் பெரிய பண்ணை தன் செலவில் கான்கிரீட் தளம் போட்டுக் கொடுத்தது வைக்கோல் போர் எரிந்த அதே மாதம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தளத்தைப் பார்த்து, "மகராசன், கேக்காமலே செஞ்சு குடுத்தான்" என்று ஊர் வாழ்த்தியதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அவர் ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். அமிர்தம் கேட்டால் மட்டும், "கை வலிக்குதும்மா" என்பார்.

"எனக்கு எழுதும்போது மட்டும் எப்படிங்கய்யா வலி வருது?" என்று அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அவர் முகம் சாம்பல் பூத்துப் போனதை நான் பார்த்தேன்.

அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "நடந்தது நாலு நாளு நிக்கும் பாய். எழுதுனது நாப்பது வருசம் நிக்கும்." முதலில் நான் அதைத் தொழில் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் சம்பா அறுப்பு முடிகிற சமயம், ஒரு வியாழக்கிழமை தொடரில் இன்ஸ்பெக்டருக்கு ஜுரம் வந்துவிட்டது. கதை முழுவதும் ஏட்டின் கையில். பழைய ஃபைல்களை அடுக்கும்போது, தான் எழுதிய ஒரு வழக்கு அவர் கண்ணில் படுகிறது. காணாமல் போன ஒரு பெண்ணைப் பற்றி, 'காதலனுடன் ஓடிவிட்டாள்' என்று அன்றைய அதிகாரி சொல்ல இவர் எழுதியது. அவள் ஓடவில்லை என்பது இவருக்குத் தெரியும். கடைசியில் ஏட்டு பெண்ணின் தாயாரிடம் போய் நின்று உண்மையைச் சொல்லி, ஒரு மாமரத்தின் அடியைக் காட்டுகிறார். பெல்ட்டைக் கழற்றி மேசைமேல் வைப்பதோடு முடிந்தது.

டிவியை அணைத்த பிறகும் ஊர் கலையவில்லை. ஆளாளுக்கு அபிப்பிராயம்.

"ஒரு அடிதடி உண்டா? அரை மணி நேரம் ஒருத்தன் ஃபைலப் பொரட்டறதப் பாக்கவா வந்தோம்?" என்றார் ஆளும் கட்சிக்காரர்.

"உங்க ஆட்சியில நடக்கறதத்தான் காட்டுறான். கசக்கத்தான் செய்யும்" என்றார் எதிர்க்கட்சிக்காரர்.

"யோவ், அது பழைய கேசுன்னு சொன்னான்ல? அப்ப யாரு ஆட்சி? உங்க ஆட்சி!"

நாடகத்தில் நடந்த கொலை எந்தக் கழகத்தின் ஆட்சியில் நடந்தது என்று இருவரும் வேட்டியை மடித்துக் கட்டும் அளவுக்குப் போய்விட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர்தான் விலக்கிவிட்டார். "எந்தப் போலீஸ்காரன்யா பென்ஷன விட்டுட்டு இப்படி வந்து நிப்பான்? எழுதுனவனுக்கு உலகம் தெரியல. என்ன ரைட்டர் ஐயா, நான் சொல்றது சரிதானே?" என்று கேட்டார்.

 அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அமிர்தம் பேசினாள். அவள் அங்கே வாய் திறந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்குப் புடிச்சிருந்துச்சு. பெத்தவ இத்தன வருசம் எந்தத் தெசையப் பாத்து உக்காந்திருப்பா? அந்த ஏட்டையா சொல்லலன்னா அவ செத்தாலும் கண்ண மூடமாட்டா. தாமசமானாலும் சொன்னாரு. நல்ல மனுசன்."

நான் ரைட்டரின் தொடையைப் பார்த்தேன். இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் அந்த விரல் அசையாமல் கிடந்தது. அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஸ்டூலை மேசையோரம் இழுத்துப் போட்டு, என் எதிரிலேயே எழுத ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் நான் தலைகீழாக முழுவதையும் படித்துவிட்டேன்.

'ஐயா, ஏட்டைப் பற்றிய கதை நன்று. சில குறைகள். ஆளைப் புதைத்த இடத்தில் மரம் வைக்க மாட்டார்கள். ஊருக்கு நல்லது செய்வதுபோல் ஏதாவது கட்டுவார்கள். எங்கள் பக்கம் என்றால் வாய்க்கால் மதகுக்குத் தளம் போடுவார்கள். பிறகு பத்தொன்பது வருடம் அதன்மேல் ஓடுகிற தண்ணீரில் ஊரே நெல் விளைத்துச் சாப்பிடும். ஏட்டு என்ன சாப்பிட்டார் என்று நீங்கள் காட்டவில்லை. ஓடிவிட்டான் என்று எழுதிவிட்டால், அவன் பெண்சாதி கடிதம் வருமா என்று வாரா வாரம் தபாலாபீசுக்கு வந்து நிற்பாள். எழுதியவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். இவற்றையும் சேர்த்தால் கதை பூர்த்தியாகும்.'

கீழே ஊர்ப் பெயரோடு முழுக் கையெழுத்து. எழுதியதைத் திருப்பி, எழுத்து என் பக்கம் நேராக வரும்படி மேசையில் வைத்தார்.

"சரியா இருக்கா பாருங்க பாய்."

 பண்ணை வீட்டுக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு பிள்ளைகள். நான் அட்டையைப் புரட்டி விலாசப் பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

"சரியாத்தான் இருக்குங்க. மெட்ராஸ்னு தெளிவா இருக்கு."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "போய்ச் சேரும்ல?" என்றார்.

"சேரும்."

முத்திரை குத்திப் பைக்குள் போட்டேன். கால்மணி கழித்து அமிர்தம் வந்தாள். "எனக்கு எதும் வந்திருக்கா பாய்?" என்றாள். இல்லை என்றேன். பை என் காலடியில் கிடந்தது. பேசின கூலிக்கு விலாசக்காரரிடம் சேர்ப்பதுதான் என் வேலை, நடுவில் எடுத்து மூன்றாம் மனுஷருக்குக் காட்டக்கூடாது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். வீட்டில் என் மனைவியிடம் சொன்னபோது அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"அத அந்தப் பொம்பளைக்கிட்டப் படிச்சுக் காட்டணும்னுதானேங்க அவரு உங்க முன்னாடி ஒக்காந்து எழுதுனாரு? அத எடுத்து மெட்ராசுக்கு அனுப்பிட்டீங்களே!"

 அன்றைக்குச் சோறு எனக்கும் இறங்கவில்லை, அது தெற்கு வாய்க்கால் நெல்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. பஞ்சாயத்து ஆபீசில் நல்ல கூட்டம், கடிதத்துக்குப் பிறகு பழைய பாட்டு போடுவார்கள் என்பதால். கடிதம் வாசிக்கிற அம்மா பட்டுப்புடவையும் பூவுமாகச் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நாலைந்து கடிதம் போனபின், "அடுத்து, குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு நேயர், நம்ம ஏட்டையா கதைக்கு ஒரு தொடர்ச்சியே எழுதி அனுப்பியிருக்கார்" என்று ஆரம்பித்தார். ஊர்ப் பெயரை வாசித்தார். ஒரே கைதட்டல். "நம்ம ரைட்டர்! நம்ம ரைட்டர்!" என்று கத்தினார்கள். அந்த அம்மா ஒரு வார்த்தை விடாமல் வாசித்தார். ஏற்ற இறக்கத்தோடு, நல்ல குரலில் வாசித்தார். மதகுக்குத் தளம் என்ற இடத்தில் கைதட்டல் நின்றது. பெண்சாதி தபாலாபீசுக்கு வந்து நிற்பாள் என்று வாசிக்கும்போது தலைகள் ஒவ்வொன்றாகப் பெண்கள் பக்கம் திரும்பின.

"அடேயப்பா! என்ன கற்பனை வளம் பாருங்க" என்று டிவியில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்தார். "படிக்கும்போதே பயமா இருக்கு. ஐயா, நீங்க எங்களுக்குக் கதை எழுதித் தரலாமே!" என்றார் அந்த அம்மா.

பஞ்சாயத்துத் தலைவர் எழுந்து டிவியை நோக்கிப் போனார். போய், அணைக்காமல் அங்கேயே நின்றுவிட்டார். அப்பா செய்ததில் அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்றுதான் பட்டது. பெண்கள் பக்கத்திலிருந்து அமிர்தம் எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி ரைட்டரின் நாற்காலிக்கு முன்னால் வந்தாள். டிவியில் பழைய பாட்டு ஆரம்பித்துவிட்டது.

"ரைட்டர் ஐயா, அது எந்த மதகு?"

அவர் எழுந்து, மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"தெக்கு வாய்க்கால் மதகும்மா. உங்க வீட்டுக்காரரு ஓடிட்டாருன்னு நான்தான் எழுதுனேன். அவரு ஓடல. அடிச்சுப் போட்டுட்டாங்க. தளம் போடும்போது இன்ஸ்பெக்டரோட நானும் கரையில நின்னேன்."

அவள் அழவில்லை, அவரை அடிக்கவும் இல்லை. "வேற எங்கயும் போவலையா அவரு? பம்பாய்க்கெல்லாம் போவலையா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா. இங்கயேதான் இருந்தாரு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேட்டூர் அணையைச் சாத்தியிருந்த மாதம், வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அதிகாரிகள் வந்து தளத்தை உடைத்தார்கள். ஊர் முழுவதும் இரண்டு கரையிலும் நின்றது. ரைட்டர் இடத்தைக் காட்டினார், ஒரு முழம்கூட விலகவில்லை. எலும்புகள் கிடைத்தன. ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த இளம் ஏட்டு கரையில் பலகை வைத்து எழுதினான். இவர் அவன் பக்கத்தில் போய் நின்று, "கெடச்சுதுன்னு எழுதாதீங்க தம்பி. கண்டெடுக்கப்பட்டதுன்னு எழுதுங்க" என்றார். அந்தப் பையனின் பேனா நின்றது. இவர் குரலில் நடுக்கமே இல்லை. அதைக் கேட்டபோது, எனக்கு இவரைப் பிடிக்குமா பிடிக்காதா என்று முடிவு செய்ய முடியவில்லை. இன்று வரை முடியவில்லை.

பெரிய பண்ணையும் அந்தப் பழைய இன்ஸ்பெக்டரும் போய்ச் சேர்ந்திருந்ததால், வழக்கில் உயிரோடு மிஞ்சியவர் இவர் ஒருவர்தான். பென்ஷன் நின்றது. மாயவரம் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா பஸ்ஸில் போய் வந்தார். தீர்ப்பு வருவதற்குள் மாரடைப்பில் இறந்துபோனார். பண்ணை வீட்டார் கட்டடத்தை விட்டு எங்களைப் போகச் சொன்னார்கள். நான் கடையையும் தபால் மேசையையும் என் வீட்டு முன்னறைக்கு மாற்றினேன், அரை நாள் வேலை. அதற்குப் பயந்துதான் அத்தனை மாதமும் பேசாமல் இருந்திருக்கிறேன்.

ஆறு மா குத்தகை அமிர்தத்தின் பெயருக்கு மாறியது. மறு வருஷம் குறுவை நடவின்போது, தபால் பையோடு நான் சைக்கிளில் குத்தாலம் போய்க்கொண்டிருந்தேன். அவள் நாலு பெண்களோடு தன் வயலில் நட்டுக்கொண்டிருந்தாள். மதகுத் தளத்தை உடைத்ததற்குப் பிறகு அவள் தபாலாபீசுக்கு வந்ததே இல்லை. என்னைப் பார்த்ததும் சேற்றோடு வரப்புக்கு ஏறி வந்தாள்.

"பாய், செத்த நில்லுங்க."

நின்றேன்.

"ரைட்டர் ஐயா மேல எனக்கு ஆத்திரம் இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அவரு வாயால சொல்லிட்டாரு, போயிட்டாரு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"நான் வந்து நிக்கும்போதெல்லாம் அவரு தொடையில எழுதிக்கிட்டு இருப்பாரு. நீங்க அதையே பாத்துக்கிட்டு இருப்பீங்க. நான் உங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இருப்பேன், இன்னிக்காச்சும் லெட்டர் இருக்குன்னு சொல்லுவீங்களான்னு. எனக்குப் படிக்கத் தெரியாது பாய். உங்களுக்குத் தெரியும்ல?"

பின்னால் பெண்கள் நடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும், அந்தச் சொல்லை அவளிடம் நான் சொல்லிப் பழகியவன்.

"தெரியும்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "போங்க, உங்களுக்கு நேரமாவுது" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கி, விட்ட இடத்திலிருந்து நட ஆரம்பித்தாள். குத்தாலம் வரைக்கும் நான் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன், ஏறி உட்காரத் தோன்றவில்லை.